அரைப்பேர் நர்ஸ்

1921 மார்ச் 7, திங்கட்கிழமை. நாலரை மணிக்கு எழுந்தேன். பல் விளக்கி, பச்சைத் தண்ணீரில் முகம் கழுவி, தலையை இறுக்கிக் கொண்டை போட்டேன். நகங்களைச் சரிபார்த்தேன். போர்வையை நாலாக மடித்து வைத்தேன். பிறகு எஸ்தரை எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. மறுபடியும் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை.

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இவ்வளவு ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே ஒரு கறை இருக்கிறது. தேயிலைக் கொழுந்தின் சாறு விரலில் ஏறிவிட்டால் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாது என்பது அன்று சாயந்தரம்தான் எனக்குத் தெரிந்தது.

நேரத்துக்குப் போகிறவர்களுக்கு நல்லது நடக்கும் என்று சின்ன வயதில் எனக்குப் பலபேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் ஒருநாளாவது நேரத்துக்குப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது இப்போது என் முடிவு.

நானும் எஸ்தரும் கொழும்பில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்தவர்கள். மூன்று வருடம் படித்து, சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு பதுளைக்குத் திரும்பியபோது, ஊவா மாகாணத்து நோயாளிகள் எல்லாரும் எங்களுக்காகவே காத்திருப்பார்கள் என்று நினைத்தேன். நோயாளிகள் இருந்தார்கள். வேலைதான் இல்லை.

டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். அனுபவம் உள்ளவர்கள்தான் வேண்டும் என்றார்.

"அனுபவம் எங்கே ஐயா கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"வேலை பார்த்தால் கிடைக்கும்."

"வேலை எங்கே கிடைக்கும்?"

"அனுபவம் இருந்தால் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு ஏதோ பெரிய உதவி செய்துவிட்டவர் போலச் சிரித்தார்.

கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆண்பிள்ளைதான் வேண்டும் என்றார்கள். எல்லவில் ஒரு துரைசாணி எங்கள் சான்றிதழ்களைக் கையில்கூட வாங்காமல், "பாண் சுடத் தெரியுமா?" என்று கேட்டாள். (பாண் என்றால் ரொட்டி. நான் தெரியாது என்றேன். எஸ்தர் தெரியும் என்றாள். அவளுக்கும் தெரியாது.)

இதற்கிடையில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அவர் அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா. பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு பங்களாவில் ஆயா வேலை காலியாக இருப்பதாக யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"அதுவும் வெள்ளை உடுப்பு, இதுவும் வெள்ளை உடுப்பு. அதுவும் பிள்ளையைப் பார்க்கிறது, இதுவும் பிள்ளையைப் பார்க்கிறது. என்னம்மா வித்தியாசம்?" என்றார்.

மூன்று வருடப் படிப்பை இவ்வளவு சின்னதாக மடித்து எடுத்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புதன்கிழமைக்குள் பங்களாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். கிடைக்காவிட்டால் நான் திறக்கக் கூடாது. அப்படி ஓர் ஒப்பந்தம்.

அந்தச் சமயத்தில்தான் நமுனுகுல மலைப்பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிப் பதில் வந்தது. ஒரு நர்ஸ் வேண்டும், ஒருவர்தான் வேண்டும். திங்கட்கிழமை பெரட்டு நேரத்துக்குப் பெரட்டுக் களத்துக்கு வந்து டிஸ்பென்சரைப் பார்க்கவும். (பெரட்டு என்றால், விடியுமுன் தோட்டத்து ஆட்களையெல்லாம் ஓரிடத்தில் நிறுத்தி, பேர் போட்டு, யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவது. டிஸ்பென்சர் என்பவர் தோட்டத்து மருந்துச் சாலையை நடத்துகிறவர்.)

யாருக்குக் கிடைத்தாலும் மற்றவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது என்று நானும் எஸ்தரும் கைபோட்டுச் சத்தியம் செய்துகொண்டோம். அவளுக்குக் கிடைக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததால் நான் மனப்பூர்வமாகச் சத்தியம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பதுளைக் கடைக்காரர் ஒருவரின் சாமான் வண்டியில் ஏறிப் போனோம். தோட்டத்துக்குப் போகும் சந்தியில் அவருடைய தம்பி ஒரு கடை வைத்திருந்தார். நாநா என்று எல்லாரும் கூப்பிடும் அந்தத் தம்பியும் அவர் மனைவியும் எங்களுக்குப் பின்னறையைக் கொடுத்தார்கள். படுக்கப் போகுமுன் நாநாவின் கரிப்பெட்டியை இரவல் வாங்கி என் சீருடையைத் தேய்த்தேன். ஒவ்வொரு மடிப்பும் கத்தி போல நின்றது. எஸ்தர் அவளுடையதைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினாள்.

விடியற்காலையில் அவளை மூன்றாம் தடவையும் எழுப்பினேன்.

"நீ போடி ரூபி, நான் பின்னால வர்றேன்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

பாவம், இவளுக்கு எப்படி வேலை கிடைக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். வெளியே கை நீட்டினால் கை தெரியாத பனி. நாநாவின் மனைவி ஒரு கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்து என் தலையோடு போர்த்திவிட்டார். பாதை முழுக்கச் சேறு. ஆகவே சீருடையை உடுத்தாமல் ஒரு மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டேன். மருந்துச் சாலையில் மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். பழைய சேலை, தலையோடு கம்பளி, கையில் மூட்டை. நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று இப்போது யோசித்தால், பெரட்டில் பேர் போடும் கணக்கப்பிள்ளைமேல் எந்தக் குற்றமும் இல்லை.

களத்தில் ஆட்களை அழைக்கும் தப்பு மேளச் சத்தம் ஓய்ந்திருந்தது. பந்த வெளிச்சத்தில் ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக நின்றார்கள். டிஸ்பென்சரைக் காணவில்லை. மடிப்பு கலையாதபடி மூட்டையை அவிழ்த்து, சீருடையைக் களத்து ஓரக் கொட்டகைக்குள் ஓர் ஆணியில், சேறு தெறிக்காத உயரத்தில் மாட்டிவிட்டு வந்தேன். எல்லாரும் வரிசையில் நிற்கும்போது நான் மட்டும் வெளியே நிற்பது எனக்கு ஒழுங்கீனமாகப் பட்டது. வரிசையில் போய் நின்றேன்.

கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"பேரு?"

"ரூபவதி."

"எந்தக் கங்காணி ஆளு?"

அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு தொழிலாளியும் ஏதாவது ஒரு கங்காணியின் கீழ்தான் இருக்க வேண்டும். இல்லாத ஆள் வேறு தோட்டத்திலிருந்து ஓடி வந்த ஆள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நான் விழித்தேன். பக்கத்தில் நின்ற பெண் முந்திக்கொண்டாள்.

"எங்க கங்காணி ஆளுதாங்க. நேத்து ராத்திரி வந்த புது செட்டு. வெவரம் பத்தாது."

முதல்நாள் இரவுதான் இந்தியாவிலிருந்து ஒரு புதுக் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. கணக்கப்பிள்ளைக்கு அதில் ஒரு முகமும் தெரியாது. "ஒரு கூடை குடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்தப் பெண், பேர் வீராயி, என் இடுப்பில் ஒரு படங்குச் சாக்கைச் சுற்றி, முதுகில் கூடையை மாட்டி, கயிற்றை என் தலையில் பொருத்தினாள். காதுக்குள், "பயப்படாத. எங்கேருந்து ஓடி வந்தேன்னு நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

இங்கேதான் வாசகர்கள் கேட்பார்கள்: நான் ஒரு நர்ஸ் என்று அப்போதே சொல்ல வேண்டியதுதானே?

சொல்லியிருக்கலாம். ஆனால் கொழும்பில் நான் சேர்ந்த முதல் நாள், எங்கள் மேட்ரன் என் கையில் கொடுத்தது துடைப்பம். மூன்று மாதம் தரை கூட்டினேன், கழுவினேன், எச்சில் கிண்ணம் துலக்கினேன். ஏன் என்று கேட்ட இரண்டு பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாலாம் மாதம் என்னைக் கூப்பிட்டு, "நீ கேள்வி கேட்காமல் செய்தாய். நீ தேறுவாய்" என்றார். அதிலிருந்து, எந்த நல்ல உத்தியோகமும் சம்பந்தமில்லாத ஒரு வேலையில்தான் தொடங்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை. முதுகில் கூடை ஏறியதும் எனக்குப் புல்லரித்தது. ஆகா, இது பரீட்சை! இந்தத் தோட்டத்துத் துரை எங்கள் மேட்ரனைவிடக் கெட்டிக்காரர்!

மலையில் ஏறினோம். ஆளுக்கு ஒரு நிரை. அதாவது, தேயிலைச் செடிகளின் இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு சந்து. எனக்குப் பக்கத்து நிரை வீராயி. அவள் கை போன வேகத்தை நான் வாய்பிளந்து பார்த்தேன். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்கின்றன. கண் வேறெங்கோ பார்க்கிறது. வாய் பேசுகிறது. கொழுந்து மட்டும் தோளுக்குமேல் பறந்து கூடையில் விழுகிறது.

எனக்குக் கேள்விகள் பொங்கின. செடிக்கு மேலே ஏன் நீளமாக ஒரு குச்சியைப் போடுகிறீர்கள்? (மட்டக்கம்பு. அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொழுந்தைத்தான் எடுக்க வேண்டும். மட்டம் சமமாக இருக்கும்.) இரண்டு இலையோடு நிறுத்துவது ஏன்? மூன்றாவது இலை என்ன பாவம் செய்தது? நகத்தால் கிள்ளுவதா, விரலால் ஒடிப்பதா? ஈரக் கொழுந்து நிறை கூடாதா? அப்படியென்றால் மழை நாளில் உங்களுக்கு லாபம்தானே?

"கொழுந்து அடியில கெடக்கு. கேள்விதான் கூடை நெறைய இருக்கு" என்றாள் வீராயி.

நான் ஒவ்வொரு கொழுந்தையும் திருப்பி, முன்னும் பின்னும் பார்த்து, பூச்சி அரித்ததை விலக்கி, சரியான இடத்தில் கிள்ளி, கூடையில் ஒரே பக்கமாகப் படுக்கவைத்தேன். மேல் நிரையிலிருந்து ஒருத்தி கத்தினாள்:

"ஏ வீராயி! ஒன் புது ஆளு கொழுந்து எடுக்குதா, பேன் பாக்குதா?"

மலையே சிரித்தது. நானும் சிரித்தேன். பரீட்சை எழுதுகிறவள் கோபப்படக் கூடாது.

மேட்டில் தடியோடு ஒரு கங்காணி நின்றுகொண்டிருந்தார். என்னைக் கவனித்து மதிப்பெண் போடுகிறவர் அவர்தான் என்று முடிவு செய்தேன். ஆகவே அவர் திரும்பும்போதெல்லாம் நிமிர்ந்து நின்று, மரியாதையாக ஒரு புன்னகை செய்தேன். முதலில் அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு தலைப்பாகையைச் சரிசெய்தார். பிறகு மீசையைத் தடவினார்.

"அந்தாளப் பாத்துச் சிரிக்காத புள்ள" என்றாள் வீராயி. "நாலு புள்ளைக்காரன். பொண்டாட்டி கீழ் நெரையில நிக்கிறா."

கீழ் நிரையைப் பார்த்தேன். ஒருத்தி கையில் மட்டக்கம்பை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை.

வெயில் ஏறியபோது ஒன்றைக் கவனித்தேன். வீராயி வலது கையின் நடுவிரலை மட்டும் மடக்கியே வைத்திருந்தாள். பிடித்துப் பார்த்தேன். நகச்சுற்று. விரல் வீங்கி, பளபளவென்று, தொட்டால் துடிக்கிற நிலையில் இருந்தது.

"மருந்துச் சாலைக்குப் போகலியா?"

"எதுக்கு? தலவலின்னாலும் வெளக்கெண்ணெய், கால் ஒடிஞ்சாலும் வெளக்கெண்ணெய். இதுக்கும் ஒரு கிளாசு குடிச்சிட்டு நாள் முழுக்க ஓடணுமா?"

தேத்தண்ணிக்கு உட்கார்ந்த இடத்தில் கல் அடுப்பு இருந்தது. சுடுதண்ணீர் வாங்கி, உப்புப் போட்டு, பொறுக்கும் சூட்டில் அவள் விரலை அமிழ்த்திப் பிடித்தேன். "அய்யோ, கொல்றாளே" என்று அவள் போட்ட சத்தத்தில் நாலு நிரைப் பெண்கள் கூடிவிட்டார்கள். சீழ் தானாக உடைந்தது. என் கைக்குட்டையைக் கிழித்து, கொதிநீரில் போட்டு எடுத்து, ஆஸ்பத்திரி முறைப்படி கட்டினேன். உடனே இன்னொருத்தி அட்டை கடித்துப் புண்ணான காலை நீட்டினாள். அடுத்தவள் கைக்குழந்தையின் காதைக் காட்டினாள். கைக்குட்டை முடிந்து, சேலைத் தலைப்பில் கை வைத்தேன். பரீட்சையின் நடுவில் பாடத்துக்கு வெளியே போகிறோமே என்று ஒரு பயமும் இருந்தது.

மத்தியான நிறுவைக்கு எல்லாரும் கூடை நிறையக் கொண்டுபோனார்கள். என் கூடையைக் கவிழ்த்ததும் கணக்கப்பிள்ளை குனிந்து பார்த்தார்.

"இதென்ன, சாமிக்குப் பூசைக்கா?"

"எல்லாம் நல்ல கொழுந்துங்க. ஒரு முத்தின இலை இருந்தாக் காட்டுங்க" என்றேன்.

அவர் கிளறிப் பார்த்தார். இல்லை. மறுபடியும் கிளறினார். ஒன்றும் அகப்படாததில் அவருக்குக் கோபம் அதிகமாகிவிட்டது.

"அரைப்பேர்தான்" என்றார். (நிறை போதாவிட்டால் அன்றைய நாளில் பாதிதான் கணக்கில் ஏறும். அதற்குத்தான் அரைப்பேர் என்று பெயர்.)

நூற்றுக்கு ஐம்பது! முதல் நாளிலேயே! "மீதி அரையை எடுக்க நான் என்னங்க செய்யணும்?" என்று பணிவாகக் கேட்டேன்.

கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகினார். "இத யாரு கப்பல்ல ஏத்திவிட்டது?" என்று கங்காணியிடம் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் கீழ்ப் பாதையில் துரையின் தொப்பி தெரிந்தது. கூடவே டிஸ்பென்சர். அவர்களுக்கு நடுவில், பளிச்சென்று வெள்ளைச் சீருடையில், ஒரு நர்ஸ். என்ன அழகான மடிப்புகள், கத்தி போல நிற்கின்றனவே என்று வியந்தேன். அடுத்த நொடி அந்த மடிப்புகளை அடையாளம் கண்டுகொண்டேன். என்னுடையவை. உள்ளே இருந்தவள் எஸ்தர்.

நடந்தது இதுதான். அந்த டிஸ்பென்சர் பெரட்டுக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. எல்லாரும் மலைக்குப் போய், களம் காலியான பிறகுதான் வருவார். எஸ்தரும் அப்போதுதான் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறாள். வெறும் களத்தில் இரண்டு சோம்பேறிகளும் மிகச் சரியான நேரத்தில் சந்தித்துவிட்டார்கள். என்னைக் காணவில்லை. ஆணியில் என் சீருடை தொங்குகிறது. நான் பயந்துபோய் ஊருக்குத் திரும்பிவிட்டேன் என்று எஸ்தர் முடிவுகட்டி, தன் கசங்கிய உடுப்பை அவிழ்த்து என்னுடையதைப் போட்டுக்கொண்டாள். துரை அவளைப் பார்த்து, எவ்வளவு ஒழுங்கான பெண் என்று மெச்சி, அங்கேயே வேலையைக் கொடுத்துவிட்டார்.

இது எதுவும் தெரியாத நான், பரீட்சையின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது என்று நினைத்து, மேட்ரன் வரும்போது நிற்பது போலக் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றேன். முதுகில் கூடை. இடுப்பில் சாக்கு. காலில் அட்டை கடித்த ரத்தம்.

எஸ்தர் என்னைக் கடந்து இரண்டடி போய், நின்று, திரும்பினாள்.

"ரூபி?"

"இது யார் பொம்பளே?" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

வண்டியில் வரும்போது நான் ஓர் ஆங்கில வாக்கியத்தை உருப்போட்டு வைத்திருந்தேன். அதற்கான நேரம் இதுதான் என்று பட்டது. நான் சான்றிதழ் பெற்ற நர்ஸ் என்றும், தங்கள் சேவையில் அமரக் காத்திருக்கிறேன் என்றும், ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி, தலை வணங்கினேன். கூடை கவிழ்ந்து, அடியில் ஒட்டியிருந்த நாலு கொழுந்தும் துரையின் சப்பாத்தில் விழுந்தன.

வீராயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"நர்சம்மாவா! அடி ஆத்தே, நான் புருசனை விட்டு ஓடி வந்த புள்ளைன்னு நெனச்சு, ராத்திரிக்குப் பாய்கூடப் போட்டு வைக்கச் சொல்லிட்டேனே!"

துரை சிரித்த சிரிப்பில் தொப்பியைக் கழற்ற வேண்டியதாயிற்று. சிரித்து முடித்து, வருத்தமாகத்தான் சொன்னார்: இருந்தது ஒரு வேலை, அதை இந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று.

என் கண் முன்னால் பண்டாரவளைப் பங்களாவும், ஒரு தள்ளுவண்டியும், அப்பாவின் "என்னம்மா வித்தியாசம்?" என்ற கேள்வியும் வந்து நின்றன. முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது என்று சத்தியம் செய்திருந்தேன். எனவே முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டேன்.

அப்போது வீராயி கட்டுப்போட்ட விரலைத் துரையின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "தொரை, இதப் பாருங்க. இந்தம்மா கட்டுனது." காலைக் காட்டியவளும் காலை நீட்டினாள். குழந்தைக்காரி காதைக் காட்டினாள்.

"ஏன் மருந்துச் சாலைக்குப் போக இல்லே?" என்றார் துரை.

பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். அதில் விளக்கெண்ணெய் என்ற சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. டிஸ்பென்சர் தூரத்து மலையில் ஏதோ பறவையைப் பார்க்கத் தொடங்கினார்.

துரை யோசித்தார். பிறகு கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, இவளுக்கு இன்று என்ன போட்டீர் என்று கேட்டார்.

"அரைப்பேருங்க."

"நல்லது. நாளைக்கும் அரைப்பேர்." எனக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் விளக்கினார். இரண்டாவது நர்ஸுக்கு இடம் இல்லை. ஆனால் பாதி நாள், மலைமலையாகப் போய், வேலைத்தலத்திலேயே புண்ணுக்குக் கட்டுப்போட ஓர் ஆள் இருக்கலாம். தினமும் பெரட்டுக்கு வந்து பேர் போட வேண்டும். சம்மதமா?

சம்மதம் என்றேன். அன்று மாலை அப்பாவுக்கு, "நர்ஸ் வேலை கிடைத்தது" என்று எழுதிப் போட்டேன். அரை வேலைக்கு அரை உண்மை போதும்.

அறையில் எஸ்தர் என் சீருடையை மடித்துக்கொண்டே, "அவ்வளவு அழகா ஆணியில மாட்டியிருந்தியா, எனக்குத்தான் வச்சிட்டுப் போயிருக்கேன்னு நெனச்சேன்டி" என்றாள். அவள் மடித்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கரிப்பெட்டி கேட்கப் போனேன்.

அடுத்த வருடமே எஸ்தர் அந்த டிஸ்பென்சரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கள் கல்யாணத்துக்கு இருவரும் தாமதமாகத்தான் வந்தார்கள். அவள் விட்ட இடம் முழுப்பேராக எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்காக அதே மலையில் வேலை பார்த்தேன். ஆனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த பிள்ளைகள்வரைக்கும் எனக்கு அரைப்பேர் நர்சம்மாதான். என் வீட்டிலும் விடுவதில்லை. நான் எங்காவது கிளம்ப, நேரத்துக்கு முன்பே வாசலில் போய் நின்றால், என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "கூடை எங்கே?" என்பார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். எஸ்தரின் பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்தக் கேள்வி திங்கட்கிழமை பிறந்ததல்ல. மார்ச் 8, செவ்வாய்க்கிழமை. நாலரை மணிக்கு எழுந்தேன். எஸ்தரை எழுப்பவில்லை. முதல் காரியமாக, தேய்த்த சீருடையை உடுத்தி, தொப்பி வைத்து, கம்பளியை நாலாக மடித்து நாநாவின் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தேன். "பனி கொட்டுதே மகள், போர்த்திட்டுப் போங்க" என்றார். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு, பல் கிட்டக் கிட்ட நடந்து, எல்லாருக்கும் முன்னால் களத்தில் போய் வரிசையில் நின்றேன். கணக்கப்பிள்ளை பந்தத்தைத் தூக்கிப் பிடித்து என்னைத் தொப்பியிலிருந்து சப்பாத்து வரைக்கும் பார்த்தார்.

"எல்லாஞ் சரி" என்றார். "கூடை எங்க?"